விட்டவர் புண்ணியமும் பிடித்தவர் பாவமும்

ஓர் உயிரைக் கொல்லாமல் விட்டுவிடுவது அறம் என்பதில் நம் நாட்டுச் சமயங்களுக்கிடையே பெரிய பிணக்கு எதுவும் இல்லை. பிணக்கு எழுவதெல்லாம் அடுத்த படியில்தான். அப்படி விடப்பட்ட உயிர், விடப்பட்ட இடத்தில் பல்கிப் பெருகி, அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்துவந்த பிற உயிர்களின் இரையையும் உறைவிடத்தையும் கவர்ந்துகொண்டு, கடைசியில் மனிதர் வலையும் ஈட்டியும் கொண்டு தேடிப் பிடித்து அழிக்கவேண்டிய ஒன்றாக ஆகிவிடுமானால், முதலில் விட்டவருடைய கணக்கில் எழுதப்பட்ட புண்ணியம் என்ன ஆகிறது? பின்னால் பிடித்துக் கொல்பவருடைய தலையில் ஏறும் பாவம் உண்மையில் யாரைச் சேர்ந்தது? இவற்றைச் சாஸ்திர வாக்கியங்களைக் கொண்டு தீர்த்துவிடப் பார்ப்பது எளிது. ஆனால் தர்ம விசாரத்தின் கனம், கண்ணெதிரே துள்ளும் ஒரு பிராணியை முன்னிட்டு அது நடக்கும்போதுதான் தெரிகிறது. நான் முன்னிட்டுக்கொள்ளும் பிராணி, கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக வாங்கி வைக்கப்படும் ஒருவகைக் கெளுத்தி மீன்.

வண்ணமீன் கடைகளில் இதைச் சக்கர் மீன் என்பார்கள். டேங்க் கிளீனர் என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ முதலான பேராறுகளைத் தாயகமாகக் கொண்ட லோரிக்காரிடே என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது இது. அக்குடும்பத்திலும் டெரிகோப்ளிக்திஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சில இனங்களே உலகமெங்கும் தொட்டிகளுக்குள் போய், தொட்டிகளிலிருந்து ஆறுகளுக்குள் போயிருக்கின்றன. நம் ஊர்க் கெளுத்திக்கு வழவழப்பான தோல். இதற்கோ தலை முதல் வால்வரை எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாக அடுக்கிய கவசம். வாய், தலையின் அடிப்புறத்தில், கல்லையும் கண்ணாடியையும் பற்றிக்கொள்ளும் வட்டமான உறிஞ்சி. கண்ணை உற்றுப் பார்த்தால், பாவைக்குள் மேலிருந்து ஒரு சிறு மடல் தொங்குவதும், வெளிச்சம் ஏற ஏற அது விரிந்து பாவையை மறைப்பதும் தெரியும். தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோனால் மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டு, இரைப்பையின் சுவர் வழியாகவே சுவாசித்துக்கொள்ளும் அபூர்வ சக்தி இதற்கு உண்டு. ஆகையால் நீருக்கு வெளியே எடுத்துப் போட்டாலும் 20 மணி நேரத்துக்கு மேல்கூட உயிர் தரித்திருக்கும். ஆண்மீன் ஆற்றங்கரையில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும் வளையைத் தோண்டி, அதில் இடப்பட்ட முட்டைகளைக் குஞ்சு பொரியும்வரை தானே காத்துக் கிடக்கும். கடையில் வாங்கும்போது விரல் நீளம்; வளர்ந்தால் ஒன்றரை அடி.

சங்கடம் முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வியாபாரம் ஒரு பெரிய தொழிலாக நடக்கிறது. அங்கிருந்தும் அதுபோன்ற பிற இடங்களிலிருந்தும் வீட்டுக்கு வரும் இந்தக் குட்டி மீன், ஓரிரு ஆண்டுகளில் தொட்டியின் செடிகளைப் பிடுங்கிப் போட்டு, கல்லைப் புரட்டி, கூட இருக்கும் தங்கமீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சத் தொடங்குகிறது. வீட்டுக்காரர் கொலைகாரர் அல்லர். மார்கழியில் அசைவம் தொடாதவராகவும் இருக்கக்கூடும். பிள்ளைகள் பெயரிட்டு அழைத்த மீனைக் குப்பையில் போட அவருக்கு மனம் வருவதில்லை. ஆகவே ஒரு மாலையில் வாளியில் தண்ணீர் நிரப்பி, அதில் மீனை விட்டு, கோயில் குளத்துக்கோ ஏரிக்கோ எடுத்துச் சென்று, படியில் குனிந்து மெல்ல வாளியைச் சாய்த்து, அது வால் வீசி மறைவதைப் பார்த்துவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு வீடு திரும்புகிறார். அந்த நிறைவு பொய்யன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது.

மீன் அங்கே பிழைத்துக்கொள்கிறது, அதுதான் விபரீதம். மெக்சிகோவில் பால்சாஸ் ஆற்றின் குறுக்கே கட்டிய இன்ஃபியர்னில்யோ நீர்த்தேக்கத்தில், ஜிலேபி என்று நாம் சொல்லும் திலேப்பியா மீனைப் பிடித்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்துவந்தன. சக்கர் மீன் பெருகியபின் வலையை இழுத்தால் கவசக் கூட்டமே வந்து விழலாயிற்று. (திலேப்பியாவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்நியன்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமாகாது, ஆனால் அந்த அந்நியன் விலை போனான்.) அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புளூ ஸ்பிரிங் என்னும் வெந்நீர் அல்லாத, ஆனால் ஆண்டு முழுதும் ஒரே வெதுவெதுப்பில் ஊறும் ஊற்றுக்குக் குளிர்காலத்தில் இளைப்பாற வரும் கடற்பசுக்களின் முதுகில் இந்த மீன்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு பாசி மேய்வதால், அந்தச் சாது மிருகங்கள் தூக்கம் கெட்டுப் புரண்டு புரண்டு படுக்கின்றன. மலேசியாவில் லங்காட் ஆற்றில், ஜகார்த்தாவில் சிலிவுங் ஆற்றில், கல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு ஏரிகளில், திருவனந்தபுரத்துக் கால்வாயில், சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் என்று இதன் யாத்திரை நீள்கிறது. 2020-இல் காசிக்கு அருகே கங்கையிலும் அகப்பட்டது. காசியில் இறக்கும் புழு பூச்சிக்கும் முக்தி உண்டு என்பது நம்மவர் நம்பிக்கையாகையால், அமேசானில் பிறந்து கங்கையில் இறந்த அந்த மீனுக்கும் விசுவநாதர் விலக்களித்திருக்க நியாயமில்லை.

சென்னைக்கு மேற்கே ஓர் ஏரியில், குத்தகைக்காரரின் ஆட்கள் வலை இழுக்கும்போது நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். வீச்சுவலை விரிந்து விழுந்து, கயிறு இறுகி, கரைக்கு வந்தபோது உள்ளே கெண்டையோ விராலோ மின்னவில்லை. கறுத்துப் புள்ளியிட்ட பத்துப் பன்னிரண்டு உருவங்கள் ஓடு உரசும் ஓசையோடு புரண்டன. முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்பிலும் உள்ள முட்களை விறைத்துக்கொண்டு அவை வலைக் கண்ணுக்குள் திருகிக் கிடந்ததால், உருவி எடுக்க முயன்ற இளைஞனின் விரலில் இரத்தம் வந்தது. கடைசியில் அவன் கத்தியை எடுத்தான், மீனை அறுப்பதற்கன்று, வலையை அறுப்பதற்கு. அறுத்து விடுவித்த ஒவ்வொன்றையும் கரைமேல் வெயிலில் எறிந்தான். "இது வந்தா வலை போச்சுங்க ஐயா. வாங்குறதுக்கும் ஆள் இல்ல" என்றார் மூத்தவர். இதைக் கொன்றுதான் ஆகவேண்டுமா என்று நான் கேட்டபோது அவர் சற்றே மனம் புண்பட்டவராக, "நாங்க கொல்றதில்லீங்க. கரையில போட்டுடுவோம், அதுவா செத்துடும்" என்றார். எறிந்த மீன்கள் வாயைக் குவித்துக் காற்றை விழுங்கிக்கொண்டு கிடந்தன. வாயின் உறிஞ்சி, பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல், காய்ந்த மண்ணில் பதிந்து பதிந்து எடுத்தது.

மற்ற மீன்கள் பலவற்றுக்கு விரைவில் முடிந்துபோகும் வேதனை, காற்றைச் சுவாசிக்க வல்ல இந்த மீனுக்கு அந்தி வரையிலும் நீளக்கூடியது. ஆனால் எனக்கு அப்போது உறைத்தது அந்த வேதனையின் நீளம் மட்டுமன்று. கோயில் குளப்படியில் வாளியைச் சாய்த்தவர், "நான் கொல்லவில்லை, விட்டுவிட்டேன், அதுவாகப் பிழைத்துக்கொள்ளும்" என்று நினைத்தார். ஏரிக்கரையில் வலையை உதறியவர், "நாங்கள் கொல்லவில்லை, போட்டுவிட்டோம், அதுவாகச் செத்துவிடும்" என்கிறார். ஒரே உயிரின் கதையில் முதல் ஏட்டிலும் கடைசி ஏட்டிலும் ஒரே வாக்கியம்! இருவரும் செய்த செயலைச் செயலென்று ஒப்பவில்லை. கையை விலக்கிக்கொண்டதோடு தமக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் அற்றுப்போயிற்று என்று இருவரும் கருதினார்கள். வலை கிழிந்தவருக்காவது வறுமை என்னும் சமாதானம் உண்டு. முன்னவருக்கு அதுவும் இல்லை.

தொட்டியில் வளர்ந்து தொட்டிக்கு அடங்காமற்போன மீனைப் பற்றி நம் புராணத்திலேயே ஒரு கதை இருப்பதை வாசகர்கள் இதற்குள் நினைவுகூர்ந்திருப்பார்கள். திராவிட தேசத்து அரசனான சத்தியவிரதன் கிருதமாலை நதியில் தர்ப்பணம் செய்யும்போது அஞ்சலித்த கைநீரில் ஒரு சிறு மீன் வந்து புகுந்ததையும், பெரிய மீன்களுக்கு அஞ்சி அது அபயம் கேட்டதையும், கமண்டலத்தில் விட்டால் கமண்டலம் நிறைந்து, பானையில் விட்டால் பானை நிறைந்து, ஏரியில் விட்டால் ஏரியும் போதாமல் அது வளர்ந்ததையும் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தம் சொல்கிறது. கிருதமாலையை வைகையென்று கொள்வாரும் உண்டு. மதுரை நகரின் ஊடே கிருதுமால் என்னும் பெயரோடு ஓடும் கால்வாயைக் காட்டுவாரும் உண்டு. பின்னதில் இன்று இறங்கித் தர்ப்பணம் செய்ய எந்த அரசனும் துணியமாட்டான்; சாக்கடை நீரிலும் காற்றை விழுங்கிக்கொண்டு வாழ வல்ல நம் கெளுத்திக்கு வேண்டுமானால் அது ஒத்துக்கொள்ளும்.

பகவானின் அவதாரத்தைச் சந்தையில் வாங்கிய மீனோடு ஒப்பிடுவது அபசாரம் என்று எவரும் வருந்த வேண்டாம். நான் ஒப்பிடுவது மீனையன்று, அரசனை. அவன் அந்த மீன் தனக்கு இடைஞ்சலான ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குப் பெரிய இடம் தேடினானேயன்றித் தன்னை அதனிடமிருந்து விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. கடைசியில் கடலில் விடும்போதும், இங்கே மகர மீன்கள் என்னைத் தின்றுவிடுமே, என்னைக் கைவிடலாமா என்று அது கேட்க, அவன் நின்றான், நின்று விசாரித்தான், அந்த விசாரணையில்தான் எதிரே இருப்பது யாரென்று அவனுக்குத் தெரிந்தது. அபயம் கொடுத்தவனுக்குப் பாத்திரம் சிறுத்துப்போயிற்று என்பது விடுதலைப் பத்திரமாகாது என்பதே அந்தக் கதையின் சாரம். வைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதியை எவ்வளவோ நுணுக்கமாக விவரித்திருக்கிறார்கள். ஆனால் சரணடைந்தவனின் கடமையைப் பேசிய அளவுக்கு, சரணம் கொடுத்தவனின் கடமையை நாம் இல்லறத்தில் பேசுவதில்லை. அதிலும் நம் வீட்டு மீன் தானாக வந்து அஞ்சலியில் புகுந்ததன்று. காசு கொடுத்து, பாலிதீன் பையில் கட்டி, நாமே கொண்டுவந்தது.

உயிரை நீரில் விடுவதையே ஒரு விரதமாகக் கொண்ட சமயம் பௌத்தம். சீனத்தில் ஆறாம் நூற்றாண்டில் தியான்தாய் மரபின் ஆசாரியரான ஜீயீ மீன்களைக் காக்கும் குளங்களை ஏற்படுத்தினார். பதினாறாம் நூற்றாண்டில் ஜூஹோங் என்னும் பிக்ஷு கொல்லாமையையும் உயிர் விடுதலையையும் இல்லறத்தாரிடையே பெரும் இயக்கமாகவே பரப்பினார். இன்றும் சிங்கப்பூரிலும் பிற கிழக்கு நாடுகளிலும் வெசாக் போன்ற புண்ணிய தினங்களில் மீனும் ஆமையும் பறவையும் விடும் வழக்கம் தொடர்வதால், நீர்நிலைகளைக் காக்கும் அதிகாரிகள் அந்நாட்களில் கரையில் நின்று பக்தர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. இந்த வழக்கத்துக்குப் பிரமாணமாகக் காட்டப்படும் கதை சுவர்ணப்பிரபாச சூத்திரத்தில் உள்ளது. ஜலவாகனன் என்னும் வைத்தியன், தீயவன் ஒருவன் மேலே ஆற்றைத் திருப்பிவிட்டதால் வற்றிக்கொண்டிருந்த குளமொன்றில் பதினாயிரம் மீன்கள் வெயிலில் துடிப்பதைக் கண்டான். மரக்கிளைகளை ஒடித்து நிழல் பரப்பினான். அரசனிடம் இருபது யானைகளை இரவல் வாங்கி, தோற்பைகளில் நீர் சுமத்திவந்து குளத்தை நிரப்பினான். வீட்டிலிருந்து உணவு வரவழைத்து இட்டான். பிறகு அவற்றின் செவியில் படும்படி புத்த நாமத்தைச் சொன்னான்.

இந்தக் கதையைப் பலமுறை படித்தவர்களும் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் உண்டு. ஜலவாகனன் ஒரு மீனையும் இடம் மாற்றவில்லை. மீன் இருந்த இடத்துக்கு அவன் நீரைக் கொண்டுவந்தான்; நாம் நீர் இருக்கும் இடத்துக்கு மீனைக் கொண்டுபோகிறோம். அவனுடைய உபகாரத்தில் யானைகளின் உழைப்பும், அரசனிடம் கையேந்திய பணிவும், மீன்களுக்கு எது பற்றாக்குறை என்று பார்த்த வைத்தியக் கண்ணும் இருந்தன. நம்முடையதில் ஒரு வாளியும் ஒரு மாலைப்பொழுதும் போதுமாயிருக்கிறது. அவ்வளவு மலிவான புண்ணியத்தைச் சற்றுச் சந்தேகிப்பதில் தவறில்லை.

கருத்தே கர்மம், சேதனையே வினை என்பது புத்தர் கொள்கையாயிற்றே, நல்ல எண்ணத்தோடு விட்டவரை எப்படிக் குற்றம் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ் நாட்டில் சமணர் பௌத்தரோடு வாதிட்ட களங்களுள் இதுவும் ஒன்று. எண்ணம் நல்லதானால் போதும் என்பதைச் சமணர் ஒப்பியதில்லை. சமண முனிவருக்கு விதித்த ஐந்து சமிதிகளுள் ஒன்று, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அந்த இடத்தில் உள்ள சிற்றுயிர்களைப் பார்த்துக்கொள்வது. இன்னொன்று, வேண்டாததைக் கழிக்கும்போது கழிக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்வது. மயிற்பீலியால் தரையைத் தடவிவிட்டு அமரும் அந்த வழக்கத்தை எள்ளி நகையாடியவர் பலர். அஹிம்சை என்பது எடுக்கும் பொருளைப் பற்றியது மட்டுமன்று, வைக்கும் இடத்தைப் பற்றியதும் ஆகும் என்னும் நுட்பத்தை அவர்களைப் போல் வேறெவரும் பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. குளப்படியில் குனிந்தவர் வாளிக்குள் இருந்த ஓர் உயிரைப் பார்த்தார். குளத்துக்குள் இருந்த உயிர்களைப் பார்க்கவில்லை. கெண்டை முட்டையிட்ட பாசியை அவர் பார்க்கவில்லை. அவருடைய கருணைக்கு அந்த ஒரு கணத்தில் குளம் என்பது வெறும் தண்ணீராகிவிட்டது. எண்ணம் நல்லது, பார்வை குறைவு என்று அவரை விட்டுவிடலாம் என்றால், பார்க்க மறுத்த இடத்தில் சௌகரியமும் கொஞ்சம் ஒளிந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தொட்டி காலியாயிற்று அல்லவா? புலால் மறுத்தலைப் பேசிய வள்ளுவர், வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இரார் என்று சந்தையின் இரு முனைகளையும் ஒரே கயிற்றில் கட்டிய நியாயம், புலாலுக்கு மட்டும் உரியதன்று.

இனிப் பிடிப்பவர் பக்கம் வருவோம். மலேசியாவில் வார இறுதிகளில் வீச்சுவலையோடு ஆற்றில் இறங்கி, கூலி எதுவும் வாங்காமல், இந்த மீன்களை மூட்டை மூட்டையாக அள்ளி எடுத்து அழிக்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்ஸஸில் சான் மார்கோஸ் ஆற்றில் மூழ்கி ஈட்டியால் குத்திப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் செய்வது கொலையே. அதைக் களையெடுப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? கொடியோரை அரசன் தண்டிப்பது பயிரின் களையைக் கட்டுவதற்கு நிகர் என்று குறள் ஒப்புமை காட்டுகிறது. அங்கே தண்டனைக்கு ஆளாகிறவன் குற்றவாளி. இங்கே மீன் என்ன குற்றம் செய்தது? கரையில் வளை தோண்டுவதும், முட்டையைக் காப்பதும், பாசி மேய்வதும் அமேசானில் அதற்கு ஸ்வதர்மமாக இருந்தவை. அவையே லங்காட் ஆற்றங்கரையைச் சரிக்கும் குற்றங்களாக இங்கே எண்ணப்படுகின்றன. குற்றமற்ற ஒன்றைக் கொல்லவேண்டிய நிலை வந்திருக்கிறது என்று நேராகச் சொல்வதே மரியாதை.

அந்த நேர்மையை ஆல்பர்ட் ஷ்வைட்ஸரிடம் காணலாம். உயிர்பால் பக்தி என்னும் தத்துவத்தை உலகுக்குச் சொன்ன அவர், ஆப்பிரிக்காவில் லாம்பரேனேயில் ஊரார் கையில் அகப்பட்டுத் துன்புற்ற மீன்பருந்துக் குஞ்சு ஒன்றை இரக்கப்பட்டு வாங்கினார். வாங்கியபின், அது பட்டினியால் சாகட்டும் என்று விடுவதா, அல்லது நாள்தோறும் சிறு மீன்களைக் கொன்று இடுவதா என்னும் முடிவு அவர் கையில் வந்து விழுந்தது. பின்னதையே செய்தார். செய்துவிட்டு, ஒவ்வொரு நாளும் ஓர் உயிருக்காக இன்னோர் உயிரைப் பலியிடும் பொறுப்புத் தம்மை உறுத்தியது என்று எழுதிவைத்தார். தத்துவம் அவருக்கு விடுதலை தரவில்லை, உறுத்தலைத்தான் தந்தது. காந்தியடிகளோ இன்னும் கடுமையாகப் போனார். 1926-இல் அகமதாபாத்தில் ஆலையதிபர் அம்பாலால் சாராபாய், வெறிநாய்க்கடிக்கு அஞ்சித் தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தபோது, குஜராத்தின் ஜீவகாருண்யச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அடிகள் கொன்றவர் பக்கம் நின்று, வாரா வாரம் யங் இந்தியாவில் எழுதினார். திரியும் நாய்க்கு ஒரு கவளம் எறிந்துவிட்டுப் போவது தயை ஆகாது, வளர்ப்பதானால் உரிமையாளனாக நின்று வளர்க்கவேண்டும், அப்படிச் செய்யாதவர்களின் அரைத் தயையே நாய்க்கூட்டத்தைப் பெருக்கிக் கடைசியில் கொலையை அவசியமாக்குகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்காக அவருக்கு வந்த வசைக் கடிதங்களுக்குக் குறைவில்லை. நாய்களைப் பற்றிய அவருடைய வாதம் எல்லா இடத்திலும் எனக்கு உடன்பாடன்று. ஆனால் கொலையின் வேரை, கொன்றவனிடம் தேடாமல் பாதியில் கைவிட்டவனிடம் தேடிய அந்த ஒரு திருப்பம், மீன் விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது.

ஆகவே பிடிப்பவரைப் பாவி என்று நான் சொல்லத் துணியேன். ஆனால் அவரிடம் இரண்டொன்று கேட்பேன். மெக்சிகோவில் இந்த மீனுக்குப் பிசாசு மீன் என்று பெயர். ஆந்திரத்தில் ராட்சச மீன் என்கிறார்கள். பிசாசு என்று பெயரிட்டுவிட்டால் துடிக்க விடுவதும் குத்தி விளையாடுவதும் எளிதாகிவிடுகின்றன. பெயரே பாதிக் கொலையைச் செய்து முடித்துவிடுகிறது. ஈட்டியில் குத்தித் தூக்கிய ஆண்மீன், முட்டை காத்துக்கொண்டு வளைக்குள் இருந்ததாலேயே அகப்பட்டிருக்கக்கூடும். அதைக் கொல்லவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தந்தை என்று தெரிந்துகொண்டு கொல்லவேண்டும் என்கிறேன். இரண்டாவது, வேகம். கரையில் போட்டுக் காயவிடுவது எக்காரணத்தாலும் கூடாது. மீன் ஆராய்ச்சி செய்பவர்கள் கிராம்பு எண்ணெயை நீரில் கலந்து மீனை மயக்கம் கொள்ளச் செய்வார்கள். அளவைக் கூட்டினால் அந்த மயக்கத்திலேயே அது அடங்கிவிடும். பல்வலிக்குப் பாட்டிமார் வைத்த மருந்து, வலை கிழிந்த செம்படவருக்கு இதற்கென வாங்கிவைக்கக் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். தலையில் ஓங்கிய ஒரே அடிக்குச் செலவில்லை. ஆனால் அதற்கு, நான் கொல்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் மனம் வேண்டும்.

கொன்றால் பாவம், தின்றால் போச்சு என்பார்கள். நம் பழமொழிகளுள் இவ்வளவு துணிச்சலானது வேறில்லை. வீணாக்குவதே பெரும் பாவம் என்னும் உழவர் ஞானம் அதில் ஒளிந்திருக்கிறது என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம். அமேசானில் இந்தப் பழமொழி தெரியாமலே அதை அனுசரித்துவருகிறார்கள்: அங்கே அக்காரி என்று பெயர் பெற்ற இந்த மீனை ஓட்டோடு தணலில் சுட்டுத் தின்பதும், சுட்ட சதையை வறுத்து உதிர்த்துப் பிராகூயி என்னும் மாவாக்கி மழைக்காலத்துக்குச் சேமிப்பதும் சாந்தாரேம் பக்கத்து வழக்கம். அந்த ஆற்றில் அது அந்நியனும் அன்று, பிசாசும் அன்று, சாப்பாடு. நம் பக்கத்திலோ இந்த மீன் தழைப்பதெல்லாம் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்த நீரில். அடிமண்ணை மேய்கிற மீனாதலால் அந்த மண்ணில் உள்ள ஈயமும் பாதரசமும் அதன் உடம்பில் ஏறும். தின்று பாவத்தைத் தீர்க்கும் வழியையும் நாமே அடைத்து வைத்திருக்கிறோம். மிஞ்சியது, குழி தோண்டிப் புதைத்து உரமாக்குவது ஒன்றுதான்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் என் தெருக்காரர் ஒருவர், நல்ல சைவர், தம் வீட்டுத் தொட்டியில் ஓரடிக்கு மேல் வளர்ந்துவிட்ட சக்கர் மீனை என்ன செய்வதென்று என்னிடம் யோசனை கேட்க வந்தார். குளம் கூடாது, ஏரி கூடாது என்றேன். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்களாம்; கேட்டுப் பார்த்துவிட்டார். கிராம்பு எண்ணெயைச் சொன்னபோது காதைப் பொத்திக்கொண்டார். "பாவம் ஒட்டாமல் ஒரு வழி சொல்லுங்களேன் சார்" என்றார். "வைத்துக்கொள்ளுங்கள்; சரியாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். போன வாரம் அவருடைய மருமகள், மாமா இப்போது நாலடித் தொட்டிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார், அதை வைக்க ஹாலில் இடம் இல்லாமல் சோபாவை விற்கப்போவதாகச் சொல்கிறார் என்று என்னைச் சற்றுக் கோபத்தோடு பார்த்துவிட்டுப் போனாள்.